கலங்கல்

செட்டிநாட்டில் வெள்ளமா என்று
மதுரை ஆபீசில் ஒருவர் போனிலேயே சிரித்தார்.
ஆறே கிடையாதேம்மா உங்க பக்கம்.

கிடையாதுதான்.
ஒரு கண்மாய் நிறைந்தால் அடுத்ததற்குக் கைமாற்றும்,
அது அதற்கடுத்ததற்கு.
பதினேழு கண்மாய் வட்டியோடு கைமாற்றிய மழை
இப்போது என் காலுக்கு ஒரு முழம் கீழே
இருட்டில் மூச்சு விடுகிறது.

ஏட்டில் சாக்கு எண்ணூற்று நாற்பது.
கரையில் அறுநூறு.
மீதியைக் கேட்க இது நேரமில்லை.
எல்லாம் ரேஷன் சாக்கு; நனைந்ததும்
புழுங்கலரிசி வாசம் கரை நெடுக.

அடைக்கலமேரி வாய் பிடிக்க, சேவுகன் வெட்டிப் போடுகிறான்.
"பாதிக்கு மேல கொஞ்சம். போதும், நிறுத்து.
வயிறு முட்டுன மூட்டை பக்கத்து மூட்டையோட ஒட்டாது."
இதற்கு என் பாடப்புத்தகத்தில் ஒரு விகிதம் இருந்தது.
மறந்துவிட்டது. அவள் சொன்னது மறக்காது.

கோடையில் இதே கரையில் நடந்து
நண்டு வளை நாற்பத்தொன்று,
கருவேல வேர் புகுந்த இடம் ஒன்பது,
மாடு இறங்கித் தேய்ந்த பள்ளம் மூன்று
என்று எழுதி அனுப்பினேன்.
ஆடியில் பதில் வந்தது:
நிதி வந்ததும் பார்க்கலாம்.
வந்தது மழை.

ஒரு மணிக்கு மேல் டார்ச் வெளிச்சம் நாலு.
முன்னால் மாசிலாமணி, தோளில் கடப்பாரை.
"மேடம், ஒரு முழம் மட்டும் வெட்டி விட்ருவோம்.
வீட்டுக்குள்ள கட்டில் மிதக்குது.
உங்க வீட்லயுந்தான்."

உண்மை. கண்மாய் உள்வாயில் போட்ட மனைகளில்
இருபத்தேழாம் எண் என்னுடையது.
தென்றல் தவழும் என்று நோட்டீஸில் இருந்தது.
அடுப்படிக்குப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல்,
தவணை இன்னும் பதினோரு வருஷம்.
சாயங்காலம் போய்ப் பார்த்தபோது அந்தப் பூ
தண்ணீருக்கடியில்
பதித்த அன்றுபோல் பளிச்சென்று தெரிந்தது.

கரைக்கு வெளியே, பள்ளத்தில், காரைக்குடி.
செக்கடி, பிரசவ ஆஸ்பத்திரி, முந்நூறு ஓட்டு வீடு.
ஒரு முழம் வெட்டினால் ஒரு முழத்தோடு நிற்கிற மண்
எங்கேயும் இல்லை, மாசிலாமணி.
"தெரியும்" என்றான்.
கடப்பாரையை இறக்கவில்லை.

அப்போதுதான் சேவுகன் கீழேயிருந்து கூப்பிட்டான்.
வெளிச்சரிவின் காலடியில், தும்பைச் செடிக்குப் பக்கத்தில்
விரல் கனத்தில் ஓர் ஊற்று.

அடைக்கக் கூடாது அதை.
அடைத்தால் வேறு இடத்தில் வரும், கோபத்தோடு.
மணல் ஒரு சாண், அதன்மேல் பொடி ஜல்லி,
அதன்மேல் பெரிய ஜல்லி.
தண்ணீரே, நீ போ. மண்ணை விட்டுவிட்டுப் போ.
நாலு வருஷம் படித்தது இவ்வளவுதான்.

டீ குடித்த எவர்சில்வர் தம்ளரில் மொண்டு
டார்ச்சைப் பிடித்தேன்.
தெளிந்து வந்தால் கரை கசிகிறது.
கலங்கி வந்தால் கரை கிளம்புகிறது.
எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

மாசிலாமணி,
கலங்கல் வாயை மறித்து நம்ம நகர் வளைவு நிற்கிறதே,
அதன் சுவரை இடி. ஏட்டில் என் கையெழுத்து.

நாலு டார்ச்சும் வடக்கே ஓடின.
முதலில் கல் விழும் சத்தம்.
பிறகு, வெகுநேரம் கழித்து,
தண்ணீர் தன் பழைய வழியைக் கண்ட சத்தம்.

விடியும்போது அளவுக்கல்லில் நாலு விரல் குறைந்திருந்தது.
அடைக்கலமேரி மூட்டைமேலேயே சாய்ந்து தூங்குகிறாள்.
கை தோலுரிந்த மாசிலாமணி
"அந்த வளைவுக்கு ஆளுக்கு மூவாயிரம் கொடுத்தோம் மேடம்"
என்கிறான், யாரிடமும் இல்லாமல்.

ராத்திரி வைத்த இடத்தில் தம்ளர்.
மேலே வானம் தெரிகிறது.
அடியில் நகக்கண் அளவு செம்மண்.

கொட்டிவிட்டு
மறுபடி மொள்ளக் கீழே இறங்குகிறேன்.